பழைய வண்டிக்கும் பார்வை வேண்டும்: மலை விவசாயிகள் வைப்பரைக் கவனிக்க வேண்டும்

சேர்வராயன் மலையில் மழையும் பனிமூட்டமும் சேர்ந்தே வரும். கிளியூர் அருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்றால் வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்குக் கொண்டாட்டம். அதே நாளில் விளைபொருளை ஏற்றிக்கொண்டு மலை இறங்க வேண்டிய சிறு விவசாயிக்கோ அது சோதனை.

கிளியூர், நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை, செம்மனத்தம் என்று ஏற்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் சிறு நிலக்காரர்கள் நிறைய உண்டு. நிழல் மரத்தடியில் கொஞ்சம் காபி, மரத்தில் ஏற்றிய மிளகு, ஓரத்தில் வாழை, கொய்யா, பலா, நாலைந்து ஆரஞ்சு மரம் என்பதுதான் அவர்களுடைய சொத்து. இவர்களில் பலர் புது வண்டி வாங்க வசதி இல்லாதவர்கள். கைமாறி வந்த பழைய ஜீப்போ, பழைய மினி லாரியோதான் அவர்களுக்கு மாடு, வண்டி எல்லாம். அந்த வண்டியில் என்ஜினைக் கவனிக்கிறார்கள், டயரைக் கவனிக்கிறார்கள். கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. அதுதான் முன் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பர்.

வைப்பர் ஓடாத வண்டி கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பவனுக்குச் சமம். சமவெளியில் மழை வந்தால் ஓரம் கட்டி நிறுத்திவிடலாம். மலைப்பாதையில் நிறுத்துவதற்கே இடம் தேட வேண்டும். சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். குப்பனூர் வழியாக இறங்கினாலும் நிலைமை பெரிதாக மாறிவிடாது.

காத்திருக்க முடியாத சரக்கு

"மழை விட்ட பிறகு போனால் என்ன?" என்று கேட்பவர்கள் மலை விவசாயத்தை அறியாதவர்கள். பறித்த காபிப் பழத்தை அன்றைக்கே தோல் நீக்க வேண்டும். மூட்டையில் கிடந்தால் சூடேறிப் புளிக்கும், தரம் கெடும், விலை இறங்கும். கொய்யாவும் வாழையும் அப்படித்தான். 1999ல் தமிழ்நாட்டில் உழவர் சந்தைகள் தொடங்கப்பட்ட பிறகு, தரகர் இல்லாமல் நேரே விற்கும் வழி சிறு விவசாயிக்குக் கிடைத்தது. அந்தச் சந்தைக்கு விடியற்காலையிலேயே போய்ச் சேர்ந்தால்தான் வியாபாரம். மலையில் பனிமூட்டம் அடர்ந்திருப்பதும் அந்த நேரத்தில்தான்.

ஒரு சிறு கணக்கைப் பார்க்கலாம். மணிக்கு 30 கிலோ மீட்டர் வேகத்தில் இறங்கும் வண்டி ஒரு விநாடியில் 8 மீட்டருக்கு மேல் போகிறது. நிமிடத்துக்கு 40 முறை துடைக்கும் வைப்பர் ஒன்றரை விநாடிக்கு ஒரு முறை கண்ணாடியைத் துடைக்கிறது. அதாவது ஒவ்வொரு துடைப்புக்கும் இடையில் வண்டி 12 மீட்டர் நகர்ந்துவிடுகிறது. அந்த வைப்பர் மூன்று விநாடி சிக்கி நின்றால் வண்டி 25 மீட்டர் தூரம் குருட்டுத்தனமாகப் போயிருக்கும். கொண்டை ஊசி வளைவில் 25 மீட்டர் என்பது வளைவு முழுவதையும் கடந்துவிடும் தூரம்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயலின்போது ஏற்காட்டில் ஒரே நாளில் 20 சென்டி மீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. சாலையில் உருண்டு கிடக்கும் கல்லையும், சரிந்த மண்ணையும் தூரத்திலேயே பார்த்தால்தான் பிரேக்கை மிதித்துப் பயன் உண்டு. பிரேக் நன்றாக இருந்தும் கண்ணாடி தெரியாவிட்டால் அந்தப் பிரேக்கால் என்ன லாபம்?

பீடித் தூளும் பழைய துணியும்

வைப்பர் நின்றுவிட்டால் என்ன செய்கிறார்கள்? புகையிலைத் தூளை ஈரத்தோடு கண்ணாடியில் தேய்க்கிறார்கள். உருளைக்கிழங்கை வெட்டித் தேய்ப்பவர்களும் உண்டு. பக்கத்தில் இருப்பவர் வெளியே கையை நீட்டிப் பழைய துணியால் துடைத்துக்கொண்டே வருவதும் உண்டு. புகையிலைச் சாறு தண்ணீரைத் துளியாக நிற்கவிடாமல் பரப்பிவிடும் என்பது உண்மைதான். ஆனால் அது கொஞ்ச நேரத்துக்கே. நல்ல மழையில் கழுவிப் போய்விடும். எதிரே வரும் பஸ் சேற்றை வாரி அடித்தால் அது கைகொடுக்காது. அவசரத்துக்குச் செய்வதை வழக்கமாக்கிக்கொள்வது ஆபத்து.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 101ஆவது விதி, முன் கண்ணாடி உள்ள வண்டிக்கு விசையால் இயங்கும் திறமையான வைப்பர் இருக்க வேண்டும் என்கிறது. கையால் திருப்பும் வைப்பர் போதாது என்பதே இதன் பொருள். எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிகள் ஆண்டுதோறும் எப்.சி.க்குப் போக வேண்டியவை. எப்.சி. அன்றைக்கு மட்டும் இரவல் வைப்பரை மாட்டிக் காட்டிவிட்டு மறுநாள் கழற்றிக் கொடுப்பதில் ஏமாறுவது அதிகாரி அல்ல, வண்டிக்காரரேதான்.

பழைய வைப்பர் ஏன் திணறுகிறது?

1903ல் மேரி ஆண்டர்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி கண்ணாடி துடைக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அது உள்ளே இருந்து கையால் இயக்கும் கருவி. பிறகு வந்தது என்ஜின் உறிஞ்சும் காற்றைக் கொண்டே இயங்கும் வைப்பர். பழைய பெட்ரோல் ஜீப்புகளில் இந்த 'வாக்குவம்' வைப்பரைப் பார்க்கலாம்.

இதில் ஒரு பெரிய குறை உண்டு. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்கும்போது என்ஜினின் உறிஞ்சும் சக்தி குறைந்துவிடும். வைப்பர் தவழும், சில நேரம் நின்றே போகும். மலை வண்டிக்கு இதைவிடப் பொருந்தாத கருவி வேறு இல்லை. அதோடு, செலவைக் குறைக்கப் பழைய பெட்ரோல் ஜீப்பில் டீசல் என்ஜினை மாற்றி வைத்தவர்கள் பலர். அந்தக் காலத்து டீசல் என்ஜினில் பெட்ரோல் என்ஜின்போல் காற்றை அடைக்கும் கதவு கிடையாது. ஆகவே தனியாக வாக்குவம் பம்பு வைத்தாலொழிய இந்த வைப்பருக்குச் சக்தியே வராது. என்ஜினை மாற்றியவர்கள் வைப்பரை மறந்துவிட்டார்கள்.

அடுத்தது, கண்ணாடிச் சட்டத்திலேயே பொருத்திய சிறிய மின்சார மோட்டார். ஒரே வேகம், சக்தி குறைவு, சுவிட்சை நிறுத்தினால் கண்ணாடியின் நடுவிலேயே நின்றுகொள்ளும். தூறலுக்கு இது போதும். மலை மழைக்கு ஈடுகொடுக்காது.

பின்னால் வந்த வண்டிகளில் கம்பெனியே பொருத்திய வைப்பர் வேறு ரகம். ஒரே மோட்டார் இரும்புத் தண்டுகள் வழியாக இரண்டு கைகளையும் ஆட்டும். இரண்டு வேகம் உண்டு. நிறுத்தினால் தானாகவே கீழே போய்ப் படுத்துக்கொள்ளும். இந்த முழுச் செட்டைப் பழைய வண்டிக்கு மாற்றிக்கொள்வதுதான் சிறு விவசாயிக்குக் கட்டுப்படியான நல்ல வழி.

காயலான் கடையில் என்ன வாங்கலாம்?

சேலம் வட்டாரத்துக்கு ஒரு வசதி இருக்கிறது. நாமக்கல்லும் சங்ககிரியும் லாரித் தொழிலுக்குப் பேர்போனவை. பழைய வண்டிகளை உடைப்பவர்களும், அவற்றின் நெளிவு சுளிவு தெரிந்த மெக்கானிக்குகளும் இப்பக்கம் இருக்கிறார்கள். விபத்தில் பின்பக்கம் நசுங்கிய வண்டியில் முன்பக்க வைப்பர் மோட்டார் பழுதில்லாமல் கிடைக்கலாம்.

விலை மலிவான புதுப் போலிச் சரக்கு இருக்கும்போது எதற்காகப் பழையதைத் தேட வேண்டும் என்று கேட்கலாம். கம்பெனி வண்டியில் வந்த பாகம் அந்த வண்டிக்கென்றே அளவெடுத்துச் செய்யப்பட்டது. 1961ல் தொடங்கப்பட்ட, சென்னை பாடியில் உள்ள லூகாஸ் டி.வி.எஸ். போன்ற தொழிற்சாலைகள் வண்டிக் கம்பெனிகளுக்கே மோட்டார் செய்து கொடுப்பவை. அப்படிப்பட்ட மோட்டாரில் கார்பன் தேய்ந்திருந்தால் மாற்றலாம். கிரீஸ் காய்ந்திருந்தால் புதிதாக வைக்கலாம். போலி மோட்டாரின் மெலிந்த பல்சக்கரம் உடைந்தால் அதைத் தூக்கி எறிவதைத் தவிர வழி இல்லை.

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. கடைக்குப் போகும்போது கவனிக்க வேண்டியவை இவை:

முதலாவது, வோல்ட். ஜீப், மினி லாரிகளில் பெரும்பாலும் 12 வோல்ட். மிகப் பழைய ஜீப்புகளில் 6 வோல்ட்டும், பெரிய வண்டிகளில் 24 வோல்ட்டும் உண்டு. 12 வோல்ட் மோட்டாரை 24 வோல்ட்டில் கொடுத்தால் புகைந்துவிடும். 24 வோல்ட் மோட்டாரை 12 வோல்ட்டில் கொடுத்தால் தவழும். இரண்டு பேட்டரி உள்ள வண்டியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுப்பதும் தவறு. ஒரு பேட்டரி வற்றும். மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜாகும். இரண்டும் சீக்கிரம் கெடும்.

இரண்டாவது, கடையிலேயே பேட்டரி கொடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். குறைந்த வேகம், அதிக வேகம் இரண்டும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். நிறுத்தியதும் மோட்டார் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்து நிற்க வேண்டும். கரகரவென்ற சத்தம் வந்தாலும், கை பொறுக்காத சூடு வந்தாலும் வேண்டாம். நின்றுபோன மோட்டாரைச் சுத்தியால் தட்டி ஓட வைத்துக் காட்டினால் அதைத் தொடவே கூடாது. உள்ளே இருக்கும் காந்தம் அடிபட்டால் விரிந்துவிடும்.

மூன்றாவது, செட்டாக வாங்க வேண்டும். மோட்டார், தண்டுகள், அவற்றைத் தாங்கும் பிராக்கெட், கை, சுவிட்ச் ஆகிய எல்லாம் ஒரே வண்டியில் இருந்து வர வேண்டும். ஒயரைக் கனெக்டருக்கு அருகில் வெட்டாமல் ஒரு அடி நீளம் விட்டு வெட்டித் தரச் சொல்ல வேண்டும். எந்த ஒயர் எந்த வேகத்துக்கு என்று தெரிந்துகொள்ள அது உதவும்.

நான்காவது, தண்டுகளின் மூட்டுகளை ஆட்டிப் பார்க்க வேண்டும். மூட்டில் ஆட்டம் இருந்தால் வைப்பர் கண்ணாடிச் சட்டத்தில் போய் இடிக்கும். கை மாட்டும் இடத்தில் உள்ள நுண்பற்கள் மழுங்கியிருந்தால் மழையில் கை நழுவும்.

ஐந்தாவது, ரசீது. கடைக்காரரின் பெயர், முகவரி, எந்த வண்டியின் பாகம் என்ற விவரத்தோடு எழுதி வாங்க வேண்டும். ரசீது தர மறுப்பவரிடம் உள்ள சரக்கு திருட்டுச் சரக்காகவும் இருக்கலாம். சில ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய்ப் போலீஸ் ஸ்டேஷன் படி ஏற வேண்டிய அவசியம் விவசாயிக்கு இல்லை. புது அசல் பாகத்தின் விலையில் பாதிக்கு மேல் கேட்டால் பழையதை விட்டுவிட்டுப் புதியதையே வாங்குவது நல்லது.

மாட்டும் முறை

மாட்டுவதற்கு முன் மோட்டாரின் பல்சக்கரப் பெட்டியைத் திறந்து காய்ந்த கிரீஸை வழித்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டே ஒயரிங் வேலை தொடங்க வேண்டும். வைப்பருக்குத் தனிப் பியூஸ் வேண்டும். ஹாரனோடும் விளக்கோடும் சேர்த்து முறுக்கிவிடுவது கூடாது. ஒன்று போனால் எல்லாம் போகும். எர்த் கொடுக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி இரும்பு தெரிந்த பிறகே முடுக்க வேண்டும். வைப்பர் மந்தமாக ஓடுகிறது என்ற குறையில் பாதி, மோட்டாரின் குற்றமல்ல, துருப்பிடித்த எர்த்தின் குற்றம்.

கையை மாட்டுவதிலும் ஒரு முறை உண்டு. முதலில் கை இல்லாமலேயே மோட்டாரை ஓட்டி நிறுத்த வேண்டும். அது தன் ஓய்விடத்துக்கு வந்த பிறகு, கண்ணாடியின் அடிவிளிம்பில் படுத்தாற்போல் கையைப் பொருத்த வேண்டும். இதைச் செய்யாமல் மாட்டினால் முதல் வீச்சிலேயே சட்டத்தில் மோதிப் பல்சக்கரம் பழுதாகும். ஓட்டிப் பார்க்கும்போது கண்ணாடியை நனைத்துவிட்டே ஓட்ட வேண்டும். காய்ந்த கண்ணாடியில் ஓட்டினால் கீறல் விழும். அந்தக் கீறல் இரவில் எதிர்விளக்கு பட்டதும் கண்ணைக் கூசச் செய்யும்.

ரப்பர் பிளேடை மட்டும் பழையதாக வாங்கவே கூடாது. வெயிலில் காய்ந்து விறைத்த ரப்பர் துடைக்காது, கோடு போடும். ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன் புது ரப்பர் போட வேண்டும். பெரிய பிளேடு போட்டால் அதிக இடம் துடைக்கும் என்று எண்ணி அளவை மீறக் கூடாது. மோட்டாருக்குப் பாரம் கூடும். இரண்டு பிளேடுகளும் ஒன்றோடொன்று சிக்கும். கூடவே தண்ணீர் பீய்ச்சும் ஒரு சிறு பாட்டிலும் பம்பும் இருந்தால், சேறு அடித்த கண்ணாடியை ஓட்டுநர் கீழே இறங்காமலே கழுவலாம்.

எல்லை தெரிய வேண்டும்

பழைய பாகம் நல்லது என்பதால் எல்லாவற்றையும் பழையதாகவே வாங்கலாம் என்று பொருளில்லை. பிரேக் ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர் ரப்பர், பிரேக் லைனிங், ஸ்டியரிங் மூட்டுகள், டயர் ஆகியவற்றைக் காயலான் கடையில் வாங்குவது உயிரோடு விளையாடுவதாகும். வைப்பர் மோட்டாரை மேஜை மேல் வைத்துச் சோதித்துவிடலாம். பிரேக் ஹோஸின் உள்ளே இருக்கும் வெடிப்பைப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. அது இறக்கத்தில்தான் தெரியும்.

அதேபோல் சேஸிஸ் துருப்பிடித்து, பிரேக் நிற்காத வண்டிக்கு நல்ல வைப்பர் மாட்டுவதில் பொருள் இல்லை. பழைய வண்டிகளையெல்லாம் ஒழித்துவிட வேண்டும் என்று சொல்பவர்களின் பேச்சில் இந்த அளவுக்கு நியாயம் உண்டு. ஆனால் அவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். ஆண்டில் சில மாதம் மட்டுமே சரக்கு ஏற்றும் சிறு விவசாயிக்குப் புது வண்டியின் மாதத் தவணை தாங்காது. நல்ல நிலையில் உள்ள பழைய வண்டியைப் பாதுகாப்பான வண்டியாக ஆக்கிக்கொள்ள அவருக்கு வழி காட்ட வேண்டும். வழி காட்டாமல் விரட்டினால், அவர் அதே வண்டியை அதே உடைந்த வைப்பரோடு ஓட்டுவார்.

அரசு செய்ய வேண்டியது

2021ல் மத்திய அரசு வாகன உடைப்பு நிலையங்களைப் பதிவு செய்வதற்கு விதிகள் கொண்டுவந்தது. காலாவதியான வண்டிகளை ஒழுங்காக உடைப்பது நல்லதே. ஆனால் உடைக்கும் வண்டியில் உள்ள நல்ல மோட்டார்கள் உருக்கு உலைக்குப் போவதில் யாருக்கு லாபம்? வைப்பர், ஹாரன், விளக்கு, கண்ணாடி போன்ற பாகங்களைக் கழற்றி, சோதித்து, "சரியாக ஓடுகிறது" என்ற சீட்டோடும் ரசீதோடும் விவசாயிகளுக்கு விற்கும் ஏற்பாடு பரவ வேண்டும். திருட்டுச் சரக்குப் பயமும் ஒழியும். விலையும் ஒரு கட்டுக்குள் நிற்கும்.

இன்னொன்றும் செய்யலாம். வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர், பவர் டில்லர் பராமரிப்பைச் சொல்லிக் கொடுப்பதுபோல், மழைக்காலம் தொடங்குமுன் ஏற்காட்டில் ஒரு நாள் முகாம் வைத்து மலை விவசாயிகளின் சரக்கு வண்டிகளையும் பார்த்துக் கொடுக்கலாம். ஐ.டி.ஐ. மாணவர்களை அந்த முகாமில் ஈடுபடுத்தினால் அவர்களுக்கும் கைப்பழக்கம் வரும். பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல இது. ஒரு வண்டிக்கு ஒரு மணி நேரம் செலவிட்டால் வைப்பர், விளக்கு, பிரேக் மூன்றையும் பார்த்துவிடலாம்.

அரசு செய்யும்வரை விவசாயி காத்திருக்க வேண்டியதில்லை. அறுவடைக் காலத்தில் வண்டிக்காரர் ஒருவர் மட்டும் மலை இறங்குவதில்லை. சரக்கோடு மனைவி வருகிறார். சில நாள் பிள்ளையும் வருகிறான். காபிப் பழம் பறிக்கும் பெண்கள் பின்னால் ஏறிக்கொள்கிறார்கள். சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது தவறு என்று தெரிந்தும் வேறு பஸ் இல்லாமல் நடக்கிற காரியம் அது. அத்தனை பேருடைய உயிரும் ஓட்டுகிறவரின் கண்ணில் இருக்கிறது. அந்தக் கண்ணுக்கு முன்னால் இருப்பது ஒரு கண்ணாடி.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை. சேர்வராயன் மலையில் அடுத்த மேகம் இறங்குமுன், வானம் வெளுத்திருக்கும் ஒரு நாளில், மலை விவசாயிகள் ஒரு வாளித் தண்ணீரைக் கண்ணாடியில் ஊற்றி வைப்பரை ஓட்டிப் பார்க்க வேண்டும். பத்து வீச்சுக்குள் கண்ணாடி தெளியவில்லை என்றால், மறுநாள் சேலத்துக்குப் போகும்போது செய்ய வேண்டிய முதல் வேலை எது என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.